ஆல்பம் ஸ்கோர் 76-ஆ, 90-ஆ? விமர்சகர் மார்க்கை வைத்து ரசிகர்கள் சண்டை போடுவது ஏன்?

ஒரு பெரிய பாப் பாடகரின் ஆல்பம் வெளியானால், "பாட்டு எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு முன்பே "ஸ்கோர் எவ்வளவு?" என்று கேட்கிற காலம் இது. எந்தப் பத்திரிகை எத்தனை மார்க் போட்டது, சராசரி ஏறியதா இறங்கியதா என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மணிக்கு மணி பார்க்கிறார்கள். மார்க் குறைத்தவரைத் தேடிப்போய் மிரட்டுகிற அளவுக்கும் இது போயிருக்கிறது.

இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. நம்மூரில் ஆல்பத்துக்குப் பதில் சினிமா. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஸ்கோர் எப்படி வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம்?

ஸ்கோர் போடுவது யார்?

இசை ஆல்பங்களுக்கு அதிகம் பேசப்படும் ஸ்கோர் மெட்டாகிரிட்டிக் இணையதளத்தின் ஸ்கோர். 2001-ல் தொடங்கிய இந்தத் தளம் சொந்தமாக விமர்சனம் எழுதுவதில்லை. பல பத்திரிகைகளின் விமர்சனங்களைச் சேர்த்து, 100-க்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாக மாற்றுகிறது.

5 ஸ்டாருக்கு 3 என்றால் 60. 10-க்கு 8 என்றால் 80. மார்க்கே போடாமல் எழுதிய விமர்சனமாக இருந்தால், அதைப் படித்துப் பார்த்துத் தளத்தின் ஊழியர்களே ஒரு எண் கொடுக்கிறார்கள். குறைந்தது 4 விமர்சனம் சேர்ந்தால்தான் ஸ்கோர் வரும். சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை உண்டு. எதற்கு எவ்வளவு எடை என்பதை அந்தத் தளம் வெளியே சொல்வதில்லை.

இதையும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தையும் பலர் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சினிமாவுக்கான அந்தத் தளம், எத்தனை சதவீத விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்றார்கள் என்பதைத்தான் சொல்கிறது. எல்லா விமர்சகர்களும் "பரவாயில்லை, 3 ஸ்டார்" என்று சொன்ன ஒரு படம் அங்கே 100 சதவீதம் வாங்கலாம். அதே படத்துக்கு மெட்டாகிரிட்டிக்கில் 60-தான் வரும். படமும் ஒன்று, விமர்சனமும் ஒன்று. எண் மட்டும் வேறு.

ஒரே ஒரு விமர்சனம் எவ்வளவு இறக்கும்?

ஒரு சின்னக் கணக்கு. எடை எல்லாம் இல்லாமல் நேரடிச் சராசரி என்றே வைத்துக்கொள்வோம். 5 விமர்சனம் வந்து சராசரி 90-ல் நிற்கிறது. ஆறாவது ஆள் 60 போட்டால் சராசரி 85 ஆகிவிடும். அதே 90 சராசரி 20 விமர்சனத்தில் வந்திருந்தால், அந்த 60 வந்த பிறகும் 88.6-ல் நிற்கும்.

முதல் சில நாட்களில் ஸ்கோர் இப்படித்தான் ஆட்டம் காட்டும். ரசிகர்களின் கோபமும் அந்த நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் தனியாக ஒரு விமர்சகர் குறி வைக்கப்படுகிறார்.

மிரட்டல் வரை போனது எப்படி?

2020 ஜூலையில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'ஃபோக்லோர்' ஆல்பம் வெளியானது. பிட்ச்ஃபோர்க் பத்திரிகை 10-க்கு 8.0 கொடுத்தது. நல்ல மார்க்தான், விமர்சனமும் பாராட்டித்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் மெட்டாகிரிட்டிக் சராசரி அதைவிட உயரத்தில் இருந்ததால், இந்த 80 அதைக் கீழே இழுக்கிறது என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். எழுதியவரின் தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் இணையத்தில் பரப்பப்பட்டன.

2024 ஏப்ரலில் அவருடைய 'தி டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மெண்ட்' வந்தபோது, பேஸ்ட் பத்திரிகை எழுதியவர் பெயரே போடாமல் விமர்சனத்தை வெளியிட்டது. 2019-ல் 'லவர்' ஆல்பத்தை விமர்சித்தவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததால் இந்த முடிவு என்று அந்தப் பத்திரிகையே விளக்கம் சொன்னது. ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்று பெயர் போட்டு எழுத முடியாத நிலை.

இத்தனைக்கும் அந்த ஸ்கோருக்கும் வியாபாரத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. 2025 அக்டோபர் 3-ல் வந்த 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' ஆல்பத்துக்கு விமர்சகர்கள் கலவையாகத்தான் மார்க் போட்டார்கள். பிட்ச்ஃபோர்க் 5.9, பிரிட்டனின் கார்டியன் 5-க்கு 2 ஸ்டார். ஆனால் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 40 லட்சம் யூனிட்டுகளைத் தாண்டி அது சாதனை படைத்தது. ஸ்கோர் குறைந்ததால் பாடகருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மிரட்டலுக்கு ஆளாவது மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள்தான்.

தமிழ்நாட்டில் இது புதுசா?

இல்லை. ஆனந்த விகடன் மார்க்குக்காக வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இங்கே உண்டு. 1977-ல் வந்த '16 வயதினிலே' வாங்கிய 62.5 மார்க் இன்றைக்கும் உதாரணமாகப் பேசப்படுகிறது. அந்தக் காலத்தில் 40-ஐத் தாண்டினாலே படக்குழுவுக்குப் பெருமை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் 40 என்றால் 'ஜஸ்ட் பாஸ்'தான். ஆனால் விகடன் வாசகருக்கு அந்த 40-க்கு அர்த்தம் தெரியும், ஏனென்றால் பக்கத்திலேயே விமர்சனம் இருந்தது. எண்ணை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வசதி அன்றைக்கு இல்லை.

இப்போது நிலைமை வேறு. 2024 நவம்பர் 14-ல் 'கங்குவா' வெளியானது. முதல் காட்சி முடிவதற்குள் விமர்சன வீடியோக்கள் குவிந்தன. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களை யூடியூப் விமர்சனங்கள் பாதித்ததாகச் சொன்ன தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்தில் 'பப்ளிக் ரிவியூ' எடுக்க அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அடுத்து, படம் வெளியாகி முதல் 3 நாட்களுக்கு ஆன்லைன் விமர்சனத்துக்குத் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்று சொன்ன நீதிமன்றம், இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

இதே 'கங்குவா'வில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. படத்தில் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று பல விமர்சனங்கள் சொல்லின. உடனே, ஒலியளவை 2 புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களிடம் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளர் கே.இ.ஞானவேல்ராஜா தெரிவித்தார். 5-க்கு 2 ஸ்டார் என்ற எண் இந்த மாற்றத்தைக் கொண்டு வரவில்லை. "சத்தம் அதிகம்" என்ற இரண்டு வார்த்தைதான் கொண்டு வந்தது. தடை கேட்டவர்கள் நிறுத்தச் சொன்னது அந்த வார்த்தைகளையும் சேர்த்துத்தான்.

ரசிகர்களே ஓட்டுப் போட்டால் சரியாக இருக்குமா?

"விமர்சகர் எதுக்கு, மக்களே மார்க் போடட்டும்" என்பது அடிக்கடி வரும் வாதம். அதற்கும் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது.

1991 தீபாவளிக்கு, நவம்பர் 5-ல், இளையராஜா இசையில் இரண்டு படங்கள் மோதின. ஒன்று 'தளபதி', இன்னொன்று 'குணா'. 2002-ல் பிபிசி உலக சேவை, உலகின் பிடித்த பாடல் எது என்று இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தியபோது, 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' உலக அளவில் 4-வது இடம் பிடித்தது. அந்தப் பட்டியலில் முதல் இடம் அயர்லாந்தின் ஒரு விடுதலைப் பாடலுக்கு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. எந்தப் பாட்டு உசத்தி என்பதைவிட, எந்த ரசிகர்கள் ஒன்று திரண்டு ஓட்டுப் போட்டார்கள் என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டியது.

'குணா'வோ வசூலில் 'தளபதி' பக்கத்தில் வரவில்லை. 32 வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 22-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் விழுந்த இளைஞரை நண்பர்கள் மீட்ட உண்மைச் சம்பவம். அதில் 'கண்மணி அன்போடு காதலன்' ஒலித்ததும், 'குணா' வந்தபோது பிறந்திருக்கவே இல்லாத பிள்ளைகள் தியேட்டரில் கூடவே பாடினார்கள். ஒரு மலையாளப் படம் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. பூம்பாறை, மன்னவனூர் என்று திட்டம் போட்டு மலையேறியவர்கள் குணா குகையையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். 1991-ல் யாராவது அந்தப் பாட்டுக்கு முதல் வார ஸ்கோர் போட்டிருந்தால், அதில் இது எதுவும் தெரிந்திருக்காது.

பூம்பாறைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டின் காரமும் மணமும் எந்த மண்ணில் வந்தது என்பதற்கான சான்று அது. ஆனால் வடுகபட்டி சந்தையில் விலை வரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தின் முதல் வார ஸ்கோர் அந்தச் சந்தை விலை மாதிரி. அன்றைய நிலவரத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

அப்போ ஸ்கோரைப் பார்க்கவே கூடாதா?

பார்க்கலாம். ஆனால் மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

1. எத்தனை விமர்சனம்? 5 பேர் சராசரியும் 25 பேர் சராசரியும் ஒன்றல்ல. முதல் நாள் ஸ்கோரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

2. எப்படிப் பரவியிருக்கிறது? எல்லோரும் 70 போட்டாலும் சராசரி 70. பாதிப் பேர் 100, பாதிப் பேர் 40 போட்டாலும் அதே 70. இரண்டாவது ஆல்பம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கலாம், சுத்தமாகப் பிடிக்காமலும் போகலாம்.

3. என்ன எழுதியிருக்கிறார்? குறைந்த மார்க் போட்டவரின் விமர்சனத்தை முழுசாக ஒரு முறை படியுங்கள். "பாட்டெல்லாம் ஒரே மாதிரி மெதுவாக இருக்கு" என்பது அவருக்குக் குறை. மெலடி தேடுகிறவருக்கு அதுவே நல்ல செய்தி.

விமர்சகர் சொன்னது தப்பு என்று தோன்றினால், ஏன் தப்பு என்று எழுதலாம். அவருடைய வீட்டு முகவரியைத் தேடிப் பரப்புவதும் மிரட்டுவதும் இந்தியச் சட்டப்படி குற்ற வழக்கில் கொண்டுபோய் விடக்கூடியவை. பயந்துபோய் விமர்சகர்கள் எழுதுவதை நிறுத்தினால், ஆல்பம் வாங்குவதற்கு முன் நீங்கள் படிக்க மிஞ்சுவது கம்பெனியின் விளம்பரம் மட்டும்தான்.