பௌர்ணமியை நம்பி வீடு வாங்கலாமா?

திருவண்ணாமலை வேங்கிக்காலில் அடுக்குமாடி வீடு வாங்கி, பௌர்ணமியில் கிரிவலம் வரும் பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வங்கித் தவணை தானாக அடைந்துவிடும் என்று நம்பிப் பலர் சேமிப்பை இறக்குகிறார்கள். இந்தக் கணக்கு ஆபத்தானது. ஆண்டுக்குப் பௌர்ணமிகள் 12 அல்லது 13. தீபத் திருவிழாவுக்குப் பத்து நாள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இரண்டு இரவு என்று தாராளமாகக் கூட்டினாலும் நாற்பது நாளைத் தாண்டாது. அந்த நாட்களிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இரவோடு இரவாக நடந்து முடித்து, விடியலில் பேருந்து ஏறுபவர்களே ஏராளம். அவர்களுக்கு அறையே தேவையில்லை.

வார இறுதிக் கூட்டம் பெருகியிருக்கிறதே, குளிர்காலத்தில் ரமணாசிரமத்தை நாடி வெளிநாட்டினர் மாதக்கணக்கில் தங்குகிறார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் விடுதிகளும் பெருகுகின்றன. வாடகை இறங்குவது அங்கேதான். தவிர, மலையூர் வருமானம் ஓர் உத்தரவில் மாறக்கூடியது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. உத்தரவு மட்டுமல்ல, மழையும் ஆபத்துதான். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் மண்ணுக்குள் புதைந்து மாண்டார்கள். சரிவை ஒட்டிய மனைக்கு மலைக்காட்சி என்று கூடுதல் விலை சொல்வதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

வேங்கிக்காலின் நிலையான பலம் ஆட்சியர் அலுவலகம். அதைச் சுற்றிப் பணிபுரியும் குடும்பங்கள் தரும் மாத வாடகை குறைவுதான், ஆனால் பன்னிரண்டு மாதமும் வரும். வாங்குகிறவர்கள் அந்தத் தொகையை வைத்தே தவணையைக் கணக்கிடட்டும். மனை நீர்வழியில் இருக்கிறதா என்று அறிய ஏரி, ஓடை வரைபடத்தையும் முன்பணம் கொடுக்கும் முன்பே பார்க்கட்டும்.