ஜிடிஏ 6 க்காகக் காத்திருக்கும் உலகமும் நக்பாவைச் சொல்ல வரும் ஒரு கேமும்

2026 நவம்பர் 19. எமது வீட்டுப் பிள்ளைகளில் வீடியோ கேம் விளையாடுபவர் யாரிடம் கேட்டாலும் இந்தத் திகதியை மனப்பாடமாகச் சொல்வார்கள். ‘கிராண்ட் தெப்ட் ஓட்டோ 6’ வெளியாகும் என்று ரொக்ஸ்டார் நிறுவனம் அறிவித்திருக்கும் நாள் அது. முதலில் 2025 இன் பிற்பகுதி என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதையும் தள்ளிப் போட்டு நவம்பரில் நிறுத்தியிருக்கிறார்கள். இதன் ஐந்தாம் பாகம் 2013 இல் வெளிவந்து 200 மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதால் இந்தப் பரபரப்பில் ஆச்சரியமில்லை.

நானும் பல வருடங்களாக கேம் விளையாடுபவன்தான். ஆனால் “நீ அதிகம் எதிர்பார்ப்பது எதை?” என்று நண்பர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பெயர் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ‘ட்ரீம்ஸ் ஒன் எ பிலோ’. தலையணை மேல் கனவுகள் என்று தமிழில் சொல்லலாம். இதை உருவாக்குபவர் மேற்குக் கரையின் நப்லஸ் நகரைச் சேர்ந்த ரஷீத் அபூ ஈதா. இன்னும் தயாரிப்பில் இருக்கும் இந்த கேமின் களம் 1948, நக்பா.

ஹைபாவுக்குத் தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் இருந்த பலஸ்தீன மீனவக் கிராமம் தன்தூரா. 1948 மே 22 இரவு அலெக்சாண்ட்ரோனி படைப்பிரிவு அதைத் தாக்கிக் கைப்பற்றியது. சரணடைந்த பின்னரும் ஆண்கள் கொல்லப்பட்டார்கள் என்று தப்பியவர்கள் பல தசாப்தங்களாகச் சொல்லி வந்தார்கள். எவரும் காது கொடுக்கவில்லை. 1990களின் இறுதியில் ஹைபா பல்கலைக்கழகத்தின் இஸ்ரேலிய மாணவர் டெடி காட்ஸ் இதே விடயத்தை ஆய்வேடாக எழுதியபோது, அந்தப் படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள் அவருக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார்கள். பல்கலைக்கழகமும் பின்னர் அந்த ஆய்வேட்டை நிராகரித்தது. ஆனால் 2022 இல் வெளியான ‘தன்தூரா’ ஆவணப்படத்தில் முதுமையடைந்த அதே படைவீரர்களில் சிலர் கெமராவின் முன் அமர்ந்து நடந்ததைப் பேசினார்கள். கொல்லப்பட்டவர்களின் தொகை பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. இன்று அந்த இடத்தில் இருப்பது ஓர் உல்லாசக் கடற்கரையும் அதன் வாகனத் தரிப்பிடமும்.

பலஸ்தீனர்களிடையே வாய்வழியாக வழங்கிவரும் ஒரு கதை இருக்கிறது. தாக்குதல் நடக்கும் நேரம் ஓர் இளம் தாய் பதற்றத்தில் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். வெகுதூரம் போன பிறகு பார்க்கிறாள், கையில் இருப்பது குழந்தையல்ல, தலையணை. அபூ ஈதாவின் கேம் இந்தக் கதையின் மேல்தான் கட்டப்படுகிறது. அந்தத் தாயாக நாம் தன்தூராவிலிருந்து லெபனான் நோக்கி நடக்க வேண்டும். துப்பாக்கி இல்லை. மறைந்து, பதுங்கி, இராணுவத்தின் கண்ணில் படாமல் போக வேண்டும். தலையணையைக் கையில் வைத்திருக்கும்வரை அவளால் ஏறவோ எதையும் தூக்கவோ முடியாது. அதைக் கீழே வைத்தால் பயங்கரக் காட்சிகள் அவளைச் சூழ்ந்துகொள்ளும். தலையணையில் தலை சாய்த்தால், போருக்கு முந்திய பலஸ்தீனம் கனவாக வரும்.

கேம் விளையாடாத வாசகர்களுக்கு இதை எப்படி விளக்குவது? புத்தகத்தில் ஒரு தாயின் துயரத்தை வாசிக்கிறோம், படத்தில் பார்க்கிறோம். கேமில் அந்தத் தலையணையைக் கீழே வைப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது நமது விரல். வைக்காமல் சுவரில் ஏற முடியாது, வைத்தால் அவள் நிலைகுலைவாள். இழப்பு என்பது என்ன என்று ஒருவருக்குப் புரியவைக்க இதைவிட நேரடியான வழி இந்த ஊடகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊடகம் எங்களை இதுவரை எப்படிக் காட்டியது என்று தெரிந்தால்தான் நான் ஏன் காத்திருக்கிறேன் என்பது விளங்கும். 2002 ஜூலை 4 ஆம் திகதி அமெரிக்க இராணுவம் ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற கேமை இலவசமாக வெளியிட்டது. நோக்கம் படைக்கு ஆட்சேர்ப்பு. ஈராக் போருக்குப் பிறகு வந்த போர் கேம்களில் மினாராவும் தூசி படிந்த தெருவும் தென்பட்டால் அது சுடுவதற்கான இடம் என்று விளையாடுபவனின் கை பழகிவிட்டது. எனது கையும் அப்படித்தான் பழகியது. அந்த வீடுகளில் சமையலறை இருக்கும், கட்டில் இருக்கும், குடியிருப்பவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள்.

2019 இல் வந்த ‘கோல் ஒப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார்’ இதைவிட ஒரு படி மேலே போனது. 1991 பெப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிச் சென்ற ஈராக்கிய வாகனத் தொடரை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை விமானங்கள் குண்டு வீசி அழித்தன. ‘மரணத்தின் நெடுஞ்சாலை’ என்று உலகம் அதை அழைத்தது. அதே பெயருடைய ஒரு நெடுஞ்சாலையைக் கற்பனை நாடொன்றில் வைத்து, குண்டு போட்டவர்கள் ரஷ்யர்கள் என்று அந்த கேம் சொன்னது. 1991 இல் பிறந்தேயிராத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுவது அங்கேதான்.

அடுத்தது ‘சிக்ஸ் டேஸ் இன் பல்லூஜா’. 2004 இல் பல்லூஜா நகரில் நடந்த தாக்குதலை அமெரிக்க மரீன் படைவீரரின் கண்ணால் காட்டும் கேம். 2009 இல் கொனாமி நிறுவனம் இதை வெளியிடப் போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களில் கைவிட்டது. 2021 இல் வேறு நிறுவனத்தின் பெயரில் மீண்டும் வந்தது. அமெரிக்க முஸ்லிம் அமைப்பான கெயார், சொனி, மைக்ரோசொப்ட் போன்ற நிறுவனங்களிடம் இதை விற்க வேண்டாமென்று கேட்டது. ஆனாலும் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்துவிட்டது.

முஸ்லிம் உலகின் கோபம் கேம் நிறுவனங்களை அசைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2021 இல் ‘கோல் ஒப் டியூட்டி: வன்கார்ட்’ கேமில் அல்குர்ஆனின் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடந்தன. எதிர்ப்பு எழுந்தது. அவை நீக்கப்பட்டன, அரபியில் மன்னிப்பும் கேட்கப்பட்டது. அது நியாயமான கோபம், அதற்குப் பலனும் கிடைத்தது. ஆனால் அந்த வேகத்தில் பாதியாவது பல்லூஜா மக்களின் வீடுகளுக்காக ஏன் எழவில்லை என்பது எனக்கு நீண்டநாள் உறுத்தல். புனிதத்துக்கு அவமதிப்பு என்றால் நிறுவனங்கள் அஞ்சுகின்றன. மனிதர்களை இல்லாமலாக்கினால் அஞ்சுவதில்லை.

அபூ ஈதாவின் முதல் கேம் ‘லைலா அன்ட் த ஷெடோஸ் ஒப் வோர்’ 2016 இல் வந்தது. 2014 காஸாப் போரில் ஒரு தந்தை தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடும் கதை. தொலைபேசியில் விளையாடலாம், இலவசம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அப்பிள் நிறுவனம் அதை கேம் என்ற பிரிவில் ஏற்க மறுத்தது. செய்திப் பிரிவுக்கோ உசாத்துணைப் பிரிவுக்கோ கொண்டு போகச் சொன்னது. உலகம் முழுவதும் கேம் உருவாக்குநர்கள் கேள்வி எழுப்பிய பிறகுதான் முடிவை மாற்றிக்கொண்டது. பல்லூஜாவின் வீடுகளுக்குள் புகுந்து சுடுவது கேம், காஸாவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கேம் அல்ல. வாதம் இப்படித்தான் இருந்தது!

அதன் பிறகு அவருக்கு முதலீடு கிடைக்கவில்லை. பலஸ்தீனத்தைப் பேசும் கேம் என்றதும் வெளியீட்டாளர்கள் ஒதுங்கினார்கள். பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் திட்டங்களைத் தொடங்க அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் பலஸ்தீனம் இல்லை. (இலங்கையும்தான் இல்லை.) கடைசியில் முஸ்லிம்கள் நடத்தும் லோஞ்ச்குட் தளத்துக்கு வந்தார். மஸ்ஜித் கட்டவும், கிணறு வெட்டவும், அகதிகளுக்கு உணவளிக்கவும் மக்கள் ஸதகா கொடுக்கும் இடம் அது. 2024 இறுதியில் தொடங்கிய அந்த முயற்சியில் சில வாரங்களில் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பத்து டொலர், இருபது டொலர் என்று கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் பணம்.

இனி இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2025 செப்டெம்பரில், எமது ஊர்களில் எல்லா இளைஞர்களுக்கும் தெரிந்த காற்பந்து கேமைத் தயாரிக்கும் ஈஏ நிறுவனத்தை 55 பில்லியன் டொலருக்கு வாங்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வாங்குபவர்களில் முதன்மையானது சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம். பங்காளிகளில் ஒன்று ட்ரம்பின் மருமகன் ஜரெட் குஷ்னரின் நிறுவனம். லோஞ்ச்குட்டில் சேர்ந்ததைவிட ஏறத்தாழ இரண்டு இலட்சம் மடங்கு பெரிய தொகை. ரியாத்தில் ஈஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணம் நடந்திருக்கிறது, பரிசுத் தொகை மில்லியன்களில். கேம் உலகில் முஸ்லிம்களின் பணம் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. இருக்கிறது. ஆனால் நக்பாவைச் சொல்ல ஒரு பலஸ்தீனர் வந்தபோது அந்தப் பணம் அவர் பக்கம் திரும்பவில்லை. எண்ணெய்க்குப் பிந்திய பொருளாதாரத்தைக் கட்டுவதுதான் சவூதியின் நோக்கம், அது புரிகிறது. இலாபம் தராத துயரக்கதைக்கு முதலீட்டு நிதியம் பணம் போடாது என்பதும் புரிகிறது. ஆயினும் 55 பில்லியன் டொலரில் முஸ்லிம்களின் கதை ஒன்றுகூட இல்லையென்றால் அதை ‘எங்கள் வெற்றி’ என்று பகிர்ந்து மகிழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

உலமாக்களும் பெற்றோரும் கேம் பற்றிக் கவலைப்படுவதை நான் லேசாக எடுக்கவில்லை. கட்டுப்பாடற்ற கேம் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஸுபஹ் தொழுகை தவறிப்போவது இரவு விளையாட்டால்தான் என்று புலம்பும் உம்மாக்கள் எத்தனை பேர்! ஆனால் ‘கேம் ஹராம்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டால், கவனிக்க வேண்டியதைத் தவறவிடுகிறோம். அதே ஈஏ காற்பந்து கேமில் காசு கொடுத்து ‘பெக்’ வாங்கினால் உள்ளே எந்த வீரர் வருவார் என்று தெரியாது. நல்லவர் வந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் காசு போய்விட்டது. பெல்ஜியம் 2018 இல் இதைச் சூதாட்டம் என்று அறிவித்தது, ஈஏ அந்நாட்டில் அந்த விற்பனையை நிறுத்தியது. வாப்பாவின் வங்கி அட்டையில் பிள்ளை ‘பெக்’ வாங்குவது பற்றி ஒரு குத்பாவிலாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

‘அவர்கள் நம்மைச் சுடுகிறார்கள், நாமும் அவர்களைச் சுடும் கேம் செய்வோம்’ என்பவர்களும் உண்டு. அப்படி ஒன்று வந்தும் இருக்கிறது. பிரேசிலில் வாழும் பலஸ்தீன வம்சாவளியினர் ஒருவர் உருவாக்கிய ‘ஃபுர்ஸானுல் அக்ஸா’. 2024 இல் பிரித்தானியாவில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் கோரிக்கையால் ஸ்டீம் தளம் அதை அந்நாட்டில் தடுத்தது. அமெரிக்கப் படையை வைத்து அதே வேலையைச் செய்யும் கேம்களுக்கு இல்லாத தடை இது என்பது உண்மை, அந்த இரட்டை நியாயம் கண்டிக்கத்தக்கது. இருந்தாலும் எனக்கு அந்த கேமில் ஆர்வமில்லை. ஆட்களை இடம் மாற்றிப் போட்டதால் துப்பாக்கி புதிதாக எதையும் சொல்லிவிடாது. தலையணை சொல்லும்.

இலங்கை முஸ்லிம்களாகிய எமக்கு இந்தக் கதை தூரத்து நாட்டுக் கதையும் அல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். நக்பாவையும் இதையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை, அளவும் அரசியலும் வேறு. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறிய தாய்மார் இன்னும் புத்தளத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக் கொண்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒக்டோபரில் சில கட்டுரைகளும் ஒரு கூட்டமும், அத்துடன் நாம் முடித்துக்கொள்கிறோம்.

கணினிக் கற்கைநெறி படிக்கும் என் மருமகனிடம் இந்த கேமைப் பற்றிச் சொன்னேன். இப்போது தனியொருவர்கூட இலவச மென்பொருளில் சிறிய கேம் ஒன்றைச் செய்துவிடலாம் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமா, நம்மட கதையெண்டா கேம் ஜின்னா மைதானத்தில தொடங்கணுமா, அதுக்கு முதல் நாள் ராவில தொடங்கணுமா?” என்று கேட்டான். முதல் நாள் இரவில் என்றேன்.