200 வயது மீனுக்கு வந்த ஆபத்து!

நியூசிலாந்துக் கடலில் "ஆரஞ்சு ரஃபி" என்று ஒரு மீன் உண்டு. செங்கல் நிறம். ஏறக்குறைய ஒரு முழ நீளந்தான். ஆனால், வயது 200க்கு மேலும் போகும்!

சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், இருட்டிலும் குளிரிலும் வாழ்கிறது. எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். முட்டையிடும் பருவம் வரவே சுமார் 30 ஆண்டு ஆகும்.

1970-களின் கடைசியில் இழுவலைக் கப்பல்கள் புகுந்தன. முட்டையிடக் கூடிய கூட்டங்களை அப்படியே அள்ளின. சீக்கிரம் பெருகிவிடும் என்று நினைப்பு! மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணிய பிறகே உண்மை விளங்கிற்று. அதற்குள் மீன் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நியூசிலாந்து சில இடங்களை மூடியது. 2006-இல் ஆஸ்திரேலியா இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியந்தான். ஆனால், இன்று பிறக்கும் குஞ்சு முட்டையிட இன்னும் 30 ஆண்டு ஆகுமே!