அவளது மொழியில் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வேலந்தாவளம். சோதனைச் சாவடியைக் கடந்தால் கோவை மாவட்டம். இருபுறமும் தமிழ் பேசும் மக்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. கணவனிடம் அடிபட்ட பெண் தாய்வீடு திரும்பி நீதி தேடும்போதுதான் மாநில எல்லை குறுக்கே வந்து நிற்கிறது.

நிற்கக் கூடாது என்பதே சட்டம். மாதர் அமைப்புகளின் நெடிய போராட்டத்தின் விளைவாக 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்தையே அணுகலாம். அங்குப் பிறப்பிக்கப்படும் உத்தரவு நாடு முழுவதும் செல்லும். இந்த உரிமையை அவளது கையில் சேர்க்க வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர்.

அவரது பணி படிவம் நிரப்புவது மட்டுமன்று. நிகழ்வறிக்கை தயாரிப்பது, பாதுகாப்புத் திட்டம் வகுப்பது, மருத்துவ உதவியும் தங்குமிடமும் கிடைக்கச் செய்வது, நீதித்துறை நடுவருக்குத் துணைநிற்பது என அனைத்தும் அவர் பொறுப்பே. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கேட்கத் தெரிவது. “வீட்டில் சண்டை” என்று பெண்கள் சொல்வதற்குள் பல ஆண்டு அடி அடங்கியிருக்கும். “கழுத்தைப் பிடித்தார்” என்பது கொலையாகவும் முடியக்கூடிய அபாயத்தின் அறிகுறி. அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பெல் 1980-களில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டு முறை இத்தகைய அறிகுறிகளைத் தொகுத்துத் தந்தது. கணவனைப் பிரியும் தருணமே மிக ஆபத்தானது என்பதையும் இத்துறை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை அறியாத அலுவலர், “இன்றே வெளியேறிவிடு” என்றும் சொல்லக்கூடும். “அனுசரித்துப் போ” என்றும் சொல்லக்கூடும். இரண்டுமே உயிரைப் பறிக்கலாம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளானதாகக் கூறிய பெண்கள் தமிழகத்தில் 38.1 விழுக்காடு, கேரளத்தில் 9.9 விழுக்காடு. ஒரு சாவடியின் இருபுறமும் வாழும் உறவினர்களிடையே இத்தனை வேறுபாடு இருக்குமா? மாநிலச் சராசரியைக் காட்டி எல்லைப்புறத் தமிழ்ப் பெண்ணின் துயரை மறந்துவிடக் கூடாது. வன்முறைக்கு உள்ளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினரே என்றும் அதே ஆய்வு கூறுகிறது. துணிந்து வரும் அந்தச் சிலரும் தம் சொல் புரியாமல் திரும்பிச் செல்வது எவ்வளவு பெரிய அநீதி!

பெண்ணின் உரிமைகளை ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ எழுத்தில் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு விதி. வேலந்தாவளத்தின் வட்டார மொழி தமிழ். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 வழிசெய்கிறது. கடிதத்துக்குக் கிடைத்த உரிமை கண்ணீருக்குக் கிடையாதா?

பாதுகாப்பு அலுவலர் இல்லாத மாவட்டங்களிலும் வட்டங்களிலும் ஆறு வாரங்களுக்குள் அவர்களை நியமிக்குமாறு 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஏற்கெனவே பணிச்சுமையில் தவிக்கும் ஊழியரின் தலையில் கூடுதல் பொறுப்பாக இப்பதவியைச் சுமத்திக் கணக்குக் காட்டினால், பெயர்ப்பலகை கிடைக்கும், பாதுகாப்புக் கிடைக்காது.

எனவே, எல்லைப்புற வட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்த முழுநேரப் பாதுகாப்பு அலுவலர்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். அபாய மதிப்பீட்டிலும் சட்ட நடைமுறையிலும் தொடர் பயிற்சி அளிக்க வேண்டும். நிகழ்வறிக்கையை அவளது மொழியில் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெற வேண்டும். பாலக்காடு, கோவை மாவட்ட நிர்வாகங்கள் இணைந்து செயல்படும் ஏற்பாட்டை உருவாக்க வேண்டும். இக்கோரிக்கைகளை இருபுறத்து உழைக்கும் பெண்களின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக முன்னெடுக்க வேண்டும்.