தொப்பிக்கு ஏன் தடை?
எதிர்வீட்டுச் சிறுமி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முழங்கை மடிப்பில் கரப்பான். வியர்வை பட்டாலே எரிந்து, சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கிடக்கிறது. வாசனை சேர்க்காத, ஜிங்க் ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனை எழுதிக் கொடுத்த மருத்துவர், முதலில் முன்கையில் கொஞ்சம் தடவிச் சில நாள் பார்க்கச் சொன்னாராம். தாயும் அப்படியே செய்தார். ஆனால், மாநிற முகத்தில் அது விபூதி பூசியதுபோல வெளுத்து நிற்க, வகுப்பில் ஒரே கேலி. பிள்ளை துடைத்துவிட்டே போகிறாள். இப்படிப்பட்ட தோலுக்கு நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் அகலமான தொப்பியும்தான் முதல் காவல் என்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசும் வேலையும் அவற்றில் இல்லை. ஆஸ்திரேலியாவின் பல தொடக்கப் பள்ளிகளில், தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட அனுமதியே கிடையாது. இங்கோ, சீருடையில் சேராது என்று தொப்பியைக் கழற்றச் சொல்கிறார்கள்; சட்டையும் அரைக்கையாகத்தான் இருக்க வேண்டுமாம். விளையாட்டு வகுப்பு பதினொன்றரை மணிக்கு! கோடையில் சென்னையின் உச்சிவேளைப் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சபட்ச அபாய நிலை. அந்த வகுப்பைக் காலை எட்டரைக்கு மாற்றப் பைசா செலவில்லை. அரைக்கைச் சட்டை விதியையும், மருத்துவர் சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்காவது இந்தக் கோடையிலேயே தளர்த்துங்கள்.