பனி விழலைன்னா குல்மார்க்கில் யாருக்கு நஷ்டம்?

ஜனவரி வந்தாலே இன்ஸ்டா முழுக்க குல்மார்க் ரீல்ஸ்தான். கண்ணாடி கேபின், கீழே வெள்ளை வெளேர் பனி, பின்னணியில் ஒரு அரிஜித் சிங் பாட்டு. ‘மச்சி, அடுத்த வருஷம் கண்டிப்பா போறோம்’னு நீங்களும் அதை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டிருப்பீங்க. ஆனால், 2024 ஜனவரியில் அதே குல்மார்க்கிலிருந்து வந்த படங்களில் பனியையே காணோம். காய்ந்துபோன பழுப்பு நிறப் புல்வெளி மட்டும்தான் இருந்தது. அதுவும் நடுக் குளிர்காலத்தில்!

சரி, ஏதோ ஒரு வருஷம் அப்படி ஆயிடுச்சுன்னு விட முடியலை. 2025-ல் ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பிப்ரவரி 22-ம் தேதி அங்கே தொடங்க வேண்டியது. போதுமான பனி இல்லாததால் தள்ளிப்போய், மார்ச் 9-ம் தேதிதான் தொடங்கின.

புல்வெளி ரிசார்ட் ஆன கதை

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ தூரத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கு குல்மார்க். பெயருக்கு ‘மலர்களின் புல்வெளி’ என்று அர்த்தம். கோடை வெயிலுக்குப் பயந்து மேலே வந்த பிரிட்டிஷ்காரர்கள், 1927-ல் இங்கே பனிச்சறுக்கு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆனால் ஊரின் தலையெழுத்தை மாற்றியது ‘கோண்டோலா’ எனும் கேபிள் கார்தான். முதல் கட்டம் 1998-ல் திறக்கப்பட்டது. 2005-ல் வந்த இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. 2023-ல் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இதில் ஏறினார்கள். வருமானம் 100 கோடி ரூபாயைத் தாண்டியது.

கத்துக்குட்டிகளுக்கு ஊரை ஒட்டிய சரிவுகளே போதும். வெளிநாட்டு ஸ்கீயர்கள் தேடி வருவது அஃபர்வத் மலைக்கு. அங்கே மெஷின் வைத்துச் சமன் செய்யாத, மாவு மாதிரி இயற்கைப் பனி கிடைக்கும். த்ரில் அதிகம், ஆபத்தும் அதிகம். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்ய ஸ்கீயர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்.

‘எப்போ விழுது?’ அதான் மேட்டர்

டிசம்பர் 21 தொடங்கி வரும் கடுங்குளிரான 40 நாள்களை காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்பார்கள். மத்தியத்தரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் அப்போது பனியைக் கொட்டும். அந்தக் குளிரில் விழும் பனி இறுகி, அடுக்கடுக்காகச் சேர்ந்து, கோடை வரை மெதுவாக உருகும். ஆறுகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் அதுதான் தண்ணீர். லேட்டாக, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் விழும் பனி ஈரமாக இருக்கும், சீக்கிரமே உருகி ஓடிவிடும். போட்டியை வேணும்னா ரெண்டு வாரம் தள்ளிவைக்கலாம். தோட்டத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

‘செயற்கைப் பனி போட்டுக்கலாமே?’ என்று தோணும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் கிட்டத்தட்ட முழுக்கச் செயற்கைப் பனியில்தான் நடந்தது. அதில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிஃப் கான், இந்த குல்மார்க் சரிவுகளில் கற்றவர். ஆனால் செயற்கைப் பனிக்கு ஏராளமான தண்ணீர் வேணும், உறைகுளிரும் வேணும். வறண்ட, வெதுவெதுப்பான குளிர்காலத்தில் இரண்டுமே தட்டுப்பாடு. பெரும் செலவு செய்து ஒன்றிரண்டு சரிவுகளைக் காப்பாற்றலாம், மலை முழுவதையும் மூட முடியாது.

அடி யார் தலையில்?

பனி இல்லாவிட்டாலும் கோண்டோலாவில் ஏற, மலையைப் பார்க்க ஆள் வரும். பெரிய ஹோட்டல்கள் ஒரு சீசனைத் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஸ்கீ கற்றுத்தருபவர், சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடுபவர், உங்களை ஸ்லெட்ஜில் உட்காரவைத்து இழுத்துப் போகும் அண்ணன்... இவர்களுக்குக் குளிர்காலச் சம்பாத்தியமே அந்த ரெண்டு, மூணு மாசம்தான். பனி விழாத நாளில் கையில் காசு இல்லை.

புதுசாக எத்தனை லிஃப்ட் போட்டோம் என்பதை மட்டும் வளர்ச்சி என்று எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும். டிக்கெட்டில் வரும் கோடிகளில் ஒரு பங்கை, பனி பொய்க்கும் வருஷங்களில் இவர்களுக்கான உதவித்தொகையாக ஒதுக்கலாம். ட்ரெக்கிங் மாதிரியான கோடைக்கால வேலைகளுக்கும் பயிற்சி தரலாம். பனியை யாராலும் உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. இது முடியும்.

நீங்க போறதா இருந்தா, ஜனவரி கடைசிக்கு முன்னாடி அவசரப்பட்டு புக் பண்ணாதீங்க. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டா பாருங்க. போனதும் ஒரு உள்ளூர் பயிற்சியாளரை அமர்த்திக்கோங்க, ரொம்பப் பேரம் பேசாதீங்க. ஒருவேளை பனியே இல்லைன்னா, அந்தப் பழுப்புப் புல்வெளியையும் ஒரு ரீல்ஸா போடுங்க. அதுவும் இன்றைய குல்மார்க்தான்.