உடற்கல்விப் பாடவேளையைப் பறிக்கலாமா?

தேர்வு நெருங்கியதும் பள்ளிகளில் முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளையே. கணக்கு முடியவில்லை, அறிவியல் செய்முறை எஞ்சியுள்ளது என்று காரணங்கள் கூறப்படும். விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. உடலியக்கமோ இதயத்தின் தேவை. இதற்குத் தெளிவான சான்று தந்தவர்கள் இலண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளர்கள்.

ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், அங்குள்ள மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை அமர்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறினார். இருவரும் ஒரே பேருந்தில் பணியாற்றியவர்கள். எனினும் நடத்துநர்களிடையே மாரடைப்பு மிகக் குறைவு.

நெரிசலில் வண்டி ஓட்டும் மனஅழுத்தமே காரணமாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆனால், மோரிஸ் அஞ்சல் துறையினரையும் ஆராய்ந்தார். நடந்தும் மிதிவண்டியில் சென்றும் கடிதம் வழங்கியோரைவிட, மேசைமுன் அமர்ந்து பணிபுரிந்தோரிடமே இதயநோய் மிகுந்திருந்தது. (ஓட்டுநர்களின் சீருடைக் காற்சட்டைகள் இடுப்பளவில் பெரியவை என்பதையும் அவருடைய குழுவினர் பின்னர் கண்டறிந்தனர்!)

இதயமும் ஒரு தசையே. உழைக்க உழைக்க அது வலுப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை வெளியேற்றும். அதனால் ஓய்வு நேரத்தில் துடிப்பின் எண்ணிக்கை குறையும். நாம் ஓடும்போது விரைந்து பாயும் குருதி, குழாய்களின் உட்சுவரைத் தூண்டுகிறது. அங்கு உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு குழாய்களை விரியச் செய்கிறது. இவ்வாறு நாளும் விரிந்து பழகிய குழாய்கள் தம் நெகிழ்வுத்தன்மையை நெடுங்காலம் காக்கின்றன. குருதி அழுத்தம் உயர்வதும் தடுக்கப்படுகிறது. தமனிகளில் கொழுப்புப் படிதல் முதுமைக்கே உரியதன்று. இளமையிலேயே அது தொடங்கிவிடுகிறது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிப் பேருந்தில் வந்து, மாலையில் தனிப்பயிற்சி வகுப்பிலும் அமரும் மாணவருக்கு அந்த 60 நிமிடங்கள் எங்கே கிடைக்கும்? பாடத்திட்டம் நீண்டது என்பதை மறுக்கவில்லை. அதற்கு விலையாக உடற்கல்விப் பாடவேளையைக் கேட்பதுதான் பொருந்தாது.

பாடவேளை கிடைத்தாலும், பள்ளி அணியில் உள்ள சிலர் மட்டும் பந்தை உதைக்க, ஏனையோர் மரநிழலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஆசிரியர் முதலில் எழுப்ப வேண்டியது அவர்களைத்தான். மைதானத்தைச் சுற்றி விரைவாக நடக்கச் செய்தாலே போதும்.